தோட்டத்துச் சிலந்திகளை அடையாளம் காண்பதும் மழை, பனிக் காலத்தில் முட்டைப் பைகளைக் காப்பதும்: வேலூர்ப் பக்கத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காட்பாடியில் எங்கள் தெருவில் ஒவ்வொரு கார்த்திகையிலும் யாராவது ஒரு கண்ணாடி பாட்டிலோடு வருவார்கள். உள்ளே, செடியிலிருந்து பிய்த்தெடுத்த சிலந்தி முட்டைப் பை ஒன்று இருக்கும். "குளிர் தாங்காதே என்று வீட்டுக்குள் வைத்தோம், இப்போது பூஞ்சை பிடித்திருக்கிறது, என்ன செய்யலாம்?" என்று கேட்பார்கள். அந்த நிலைக்கு வந்த பிறகு செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

பனி கொட்டும் நாடுகளுக்காக எழுதிய குறிப்புகளை நம் ஊருக்கு அப்படியே எடுத்துக்கொள்வதால் வரும் தவறு இது. அந்த நாடுகளில் பல சிலந்திகளின் குஞ்சுகள் பைக்குள்ளேயே குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, வெயில் வந்ததும் வெளியேறும். அதனால் குளிர்ந்த கொட்டகையில் பையை எடுத்து வை என்று அங்கே சொல்கிறார்கள். வேலூரில் மார்கழி விடியற்காலையில்கூடப் பொதுவாக 18 டிகிரிக்குப் பக்கத்தில்தான் குளிர் நிற்கிறது. இங்கே பெரும்பாலான பைகள் சுமார் 2 முதல் 4 வாரத்தில் பொரிந்துவிடும், குளிர்ந்த நாட்களில் கொஞ்சம் தள்ளிப்போகும். ஏலகிரி போலச் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் இடங்களில் இன்னும் நீளும்.

நம் பக்கத்தில் பைகளை அழிப்பவை கவாத்துக் கத்தரி, ஒட்டடைக் குச்சி, மருந்து தெளிப்பான், போகி நெருப்பு ஆகிய நான்கும்தான். நான்கும் புரட்டாசியிலிருந்து தை முதல் நாளுக்குள் வருகின்றன. ஆகவே வேலையின் வரிசை முக்கியம். முதலில் பார்க்க வேண்டும், பிறகு அடையாளம் காண வேண்டும், அப்புறம் குறியிட வேண்டும். இந்த மூன்றும் முடியாமல் கத்தரியையோ துடைப்பத்தையோ தொடக்கூடாது.

1. எந்த வேலை எப்போது

புரட்டாசியில், ஆயுத பூஜைக்கு முன்பே தொடங்குங்கள். பருவமழை பிடிப்பதற்கு முன் பெரும்பாலான வலைச் சிலந்திகள் முழு வளர்ச்சி அடைந்திருக்கும். வயிறு பெருத்த பெண் சிலந்திகளை அப்போது அடையாளம் காண்பது எளிது. பையைப் போட்டுவிட்டுத் தாய் செத்துப்போன பிறகு, வெறும் பையை வைத்து அது எந்தச் சிலந்தியுடையது என்று சொல்வது கடினம்.

ஆயுத பூஜைக்கு வீடு கழுவுவார்கள், தீபாவளிக்கு வெள்ளையடிப்பார்கள், பிறகு மல்லிகைக் கவாத்து, கடைசியில் போகி. இந்த நான்குக்கும் ஒரு வாரம் முன்பு தோட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட வேண்டும். நான் காலண்டரில் அந்தத் தேதிகளுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையைச் சுழித்து வைத்துவிடுகிறேன்.

2. முன்கூட்டியே வேண்டியவை

நல்ல டார்ச் ஒன்று. நெற்றியில் மாட்டும் விளக்கு கிடைத்தால் அதுவே மேல், ஏன் என்று அடுத்த பகுதியில் சொல்கிறேன். சிறிய கைலென்ஸ், அல்லது கிட்டத்தில் தெளிவாக எடுக்கும் செல்போன் கேமரா. சிவப்பு உல்லன் நூல். மெல்லிய சணல் கயிறு. கூர்மையான கத்தரி, ஏனென்றால் மொண்ணைக் கத்தரி கிளையை உலுக்கித்தான் வெட்டும். பல் குத்தும் குச்சி நான்கைந்து. ஒரு நோட்டுப் புத்தகம்.

பாட்டில், பிளாஸ்டிக் டப்பா, பாலிதீன் கவர் மூன்றையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். கையில் டப்பா இருந்தால் எதையாவது உள்ளே போடத் தோன்றும்.

3. இரண்டு சுற்று: விடியலில் ஒன்று, இரவில் ஒன்று

விடிந்ததும் வெயில் ஏறுவதற்குள் முதல் சுற்றுப் போங்கள். பனித்துளி படிந்திருக்கும்போது பகலில் கண்ணுக்கே படாத வலைகளும் வெள்ளையாகத் தெரியும். புல்வெளியிலும் வரப்போரத்திலும் விரித்த கைக்குட்டை போல, ஓரத்தில் ஒரு குழாயோடு இருக்கும் வலைகளை அப்போதுதான் எண்ண முடியும். இந்தச் சுற்றில் வலை இருக்கும் இடங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நெருங்க வேண்டாம்.

இரண்டாவது சுற்று இரவு எட்டு மணிக்கு மேல். தோட்டத்துச் சிலந்திகளில் பல இரவில் வலை பின்னி, விடிவதற்குள் அதையே சுருட்டித் தின்றுவிட்டு இலை மடிப்பில் ஒளிந்துகொள்ளும். பகலில் மட்டும் பார்ப்பவர்கள் "எங்கள் வீட்டில் சிலந்தியே இல்லை" என்று சொல்வது இதனால்தான்.

டார்ச்சைக் கண்மட்டத்தில், நெற்றிக்குப் பக்கத்தில் பிடித்து, தரையைப் பாருங்கள். ஓநாய்ச் சிலந்தியின் கண்கள் நீலப்பச்சை வைரத் துகள் போல மின்னும். வெளிச்சம் வந்த வழியே திரும்பிப் போவதால், விளக்கை இடுப்பு உயரத்தில் பிடித்தால் அந்த மினுக்கம் உங்கள் கண்ணுக்கு வராது. மழைக்காலத்து இரவு, எனவே பாம்புக்கும் தேளுக்கும் பயந்து காலில் மூடிய செருப்போ பூட்ஸோ அணிந்துதான் இறங்க வேண்டும். மரப்பொந்துக்குள்ளும் கல் இடுக்கிலும் கையை விடாதீர்கள். அங்கே குடியிருக்கும் மயிர் அடர்ந்த பெருஞ்சிலந்தி கடித்தால் வலி கடுமையாக இருக்கும்.

4. சிலந்தியை அடையாளம் காணும் வரிசை

புதிதாகப் பார்ப்பவர்கள் நிறத்தைப் பார்த்துத் தொடங்குகிறார்கள். அது தவறான தொடக்கம். ஒரே இனத்திலேயே குட்டிக்கும் தாய்க்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் நிறம் மாறும். முதலில் வலை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது சக்கரமா, கூடாரமா, தரையோடு விரிந்ததா என்று பாருங்கள். சிலந்தி எங்கே, எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பது மூன்றாவது. நிறமும் கோடும் கடைசி.

நிமிர்ந்த சக்கர வலை, நடுவில் தலைகீழாகச் சிலந்தி, கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல் குறி போல நீட்டியிருக்கிறது, கால்களின் நீட்சியாக வெள்ளை நூலில் வளைந்து வளைந்து தையல் போட்டது போல இருக்கிறது என்றால் அது கையெழுத்துச் சிலந்தி. அறிவியல் பெயரில் ஆர்ஜியோப்பி என்பார்கள். பெண்ணின் உடல் ஒரு சென்டிமீட்டர் அளவு, வயிற்றில் மஞ்சளும் பழுப்புமாகக் குறுக்குப் பட்டைகள். வலையின் ஓரத்தில் ஒரு சின்னஞ்சிறு சிலந்தி தயங்கிக்கொண்டு நின்றால் அது ஆண், குட்டி என்று நினைத்துவிடாதீர்கள். நம் பக்கத்தில் செம்பருத்தி, குண்டுமல்லி, கற்றாழைப் புதர்களுக்கு நடுவே முழங்காலிலிருந்து இடுப்பு உயரம் வரை இதைப் பார்க்கலாம். முட்டைப் பையை வலைக்குப் பக்கத்திலேயே, இலையடியிலோ கிளைகளுக்கு நடுவிலோ நூலால் இழுத்துக் கட்டி வைக்கும். பை பெரும்பாலும் தட்டையாக, மூலைகள் இழுபட்டது போல, வெளிறிய பச்சையிலோ வெள்ளையிலோ இருக்கும்.

சக்கர வலையின் நடுவில் ஒரே கோடாகக் குப்பை தொங்குகிறதா? அது குப்பைச் சிலந்தி. செத்த பூச்சிகளின் ஓடுகளையும் இலைத் துணுக்குகளையும் கோத்து, அதில் தானும் ஒன்றுபோல உட்கார்ந்திருக்கும். முட்டைப் பைகளையும் அந்தக் குப்பை வரிசையிலேயே சேர்த்துவிடும். "அழுக்கு வலை" என்று முதலில் துடைக்கப்படுவது இதுதான். எனக்கு மிகவும் வருத்தம் தருவதும் இதுதான், ஏனென்றால் ஒரே இழுப்பில் தாயும் முட்டைகளும் சேர்ந்து போய்விடுகின்றன.

சக்கரம் இல்லாமல், மெல்லிய சல்லடைத் துணியைக் குடை போலத் தூக்கிக் கட்டியது மாதிரி வலை, அதற்கு மேலே குறுக்கும் நெடுக்குமாக நூல்கள் என்றால் அது கூடாரச் சிலந்தி. இந்த வலை ஒட்டாது, விரலில் பட்டாலே தெரியும். காகிதப்பூக் கொடியிலும் கள்ளி வேலியிலும் ஒன்றை ஒட்டி ஒன்றாகப் பத்துப் பதினைந்து வலைகள் இருக்கும். பைகளை ஒன்றின்மேல் ஒன்றாக மணி கோத்தது போலக் கூடாரத்துக்கு நடுவே தொங்கவிடும். தாய் அதன் அடியிலேயே காவல் இருக்கும்.

உடல் தட்டையாகக் கெட்டியாக, ஓரத்தில் ஆறு முட்கள் நீட்டிக்கொண்டு இருந்தால் முள் சிலந்தி. இதன் பை இலையின் அடிப்பக்கத்திலோ பட்டையிலோ ஒட்டி, மேலே நூல்கள் போர்த்தியிருக்கும்.

ஜவ்வாது மலை, ஏலகிரிப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்கள் பொன்வலைச் சிலந்தியைப் பார்த்திருப்பீர்கள். வலை ஆள் உயரத்தையும் தாண்டும், நூல் வெயிலில் பொன் நிறத்தில் மின்னும், பெண்ணின் உடலே மூன்று நான்கு சென்டிமீட்டர் இருக்கும். இது முட்டையைச் செடியில் வைக்காது. வலையை விட்டுத் தரைக்கு இறங்கி, மண்ணில் சிறு குழி பறித்து முட்டையிட்டு, சருகும் மண்ணும் போட்டு மூடிவிடும். வயிறு பருத்திருந்த பெண் ஒருநாள் காணாமல் போய், பிறகு வயிறு சுருங்கி வலைக்குத் திரும்பினால், அந்த மரத்தைச் சுற்றிக் கொத்துவதை நிறுத்திவிடுங்கள்.

இரவுச் சுற்றில் மட்டும் தெரியும் பழுப்புநிறச் சக்கர வலைச் சிலந்திகள் நியோஸ்கோனா வகையாக இருக்கலாம். இவை பஞ்சு போன்ற பையைச் சுருண்ட இலைக்குள் வைக்கும். சுருண்ட இலையெல்லாம் நோய் வந்த இலை என்று கிள்ளி எறியும் பழக்கம் நமக்கு உண்டு. பிரித்துப் பார்க்காமல், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே உருண்டை தெரிகிறதா என்று பாருங்கள்.

இனி வலை கட்டாதவை. பளிச்சென்ற பச்சை, காலெல்லாம் கறுப்பு முட்கள் என்றால் பச்சை வேட்டைச் சிலந்தி. முள்ளுக்கத்தரி, வெண்டை, கனகாம்பரச் செடிகளின் உச்சியில் வைக்கோல் நிறப் பையைக் கட்டிப்பிடித்தபடி நாள்கணக்கில் நிற்கும். பூவின் நிறத்திலேயே பூவுக்குள் உட்கார்ந்து, முன்னங்கால்களை நண்டு போல விரித்திருப்பது நண்டுச் சிலந்தி. தலையைத் திருப்பி உங்களையே பார்த்து, சுவரிலிருந்து இலைக்குத் தாவுவது குதிக்கும் சிலந்தி. கடைசி இரண்டும் இலையை மடித்து நூலால் தைத்து, அந்த அறைக்குள் முட்டையோடு அடைந்து கிடக்கும்.

ஓநாய்ச் சிலந்தி பையை எங்கும் வைக்காது. வயிற்றின் நுனியில் ஒட்டவைத்து இழுத்துக்கொண்டே ஓடும், பொரிந்ததும் குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொள்ளும். நெல் வயல்களில் தத்துப்பூச்சியைத் தின்பதில் இது முக்கியமான ஒன்று.

வெளியே நாற்காலி அடி, மீட்டர் பெட்டி, காலித் தொட்டி போன்ற இடங்களில் ஒரு சென்டிமீட்டர் அளவில் உருண்டையாக, உடம்பெல்லாம் சிறு முட்கள் போல நீட்டிக்கொண்டிருக்கும் பையைப் பார்த்தால் கையால் தொடாதீர்கள். அது பழுப்பு விதவைச் சிலந்தியின் பை. சிலந்தியின் வயிற்றடியில் செம்மஞ்சள் நிற உடுக்கை வடிவம் இருக்கும். குழந்தைகள் புழங்கும் இடமாக இருந்தால் இந்த ஒன்றை மட்டும் நீளக் குச்சியால் அகற்றுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. கடித்துவிட்டால் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

5. முட்டைப் பைதானா என்று உறுதி செய்யுங்கள்

ஆர்வத்தோடு தொடங்குபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். சத்துவாச்சாரியில் ஒரு வீட்டில் செம்பருத்தியில் இருந்த "முட்டைப் பைகளுக்கு" எல்லாம் சிவப்பு நூல் கட்டி, மருந்தும் அடிக்காமல் ஒரு மாதம் காத்திருந்தார்கள். அத்தனையும் மாவுப்பூச்சி. செடி போய்விட்டது.

மாவுப்பூச்சியின் வெள்ளைப் பஞ்சு கணுக்களிலும் இலைக் காம்பிலும் அப்பிக்கொண்டிருக்கும், பக்கத்தில் பிசுபிசுப்பும் எறும்பும் இருக்கும். பல் குத்தும் குச்சியால் மெல்லத் தொட்டால் மாவு போல உதிரும், உள்ளே ஈரமான பூச்சி தெரியும். சிலந்திப் பை அப்படி உதிராது. துணி போல நெகிழ்ந்து, நூல் குச்சியோடு இழுபடும்.

கும்பிடுபூச்சியின் கூடு காய்ந்த நுரை போலக் கெட்டியாக, வரிவரியாக இருக்கும். அதையும் விட்டுவையுங்கள், அதுவும் பூச்சி தின்பதுதான். சின்னச் சின்னக் குச்சிகளை ஒட்டவைத்த பை தொங்கினால், அது இலை தின்னும் புழுவின் கூடு. செத்த புழுவின்மேல் அரிசிமணி போல வெள்ளைக் கூடுகள் இருந்தால், புழுவைக் கொன்ற சிறு குளவியுடையவை. சுவரில் குளவி கட்டும் மண்கூட்டிலும் சிலந்தி இருக்கும், ஆனால் குளவிக் குஞ்சுக்கு உணவாக மயக்கிப் போட்ட சிலந்திகள்தான் அங்கே கிடைக்கும். அவற்றை மீட்க முயல வேண்டாம், பிழைக்காது.

6. உள்ளே உயிர் இருக்கிறதா

பையில் ஓட்டை இருக்கிறதா என்று லென்ஸால் பாருங்கள். ஒரு ஓரம் பிரிந்து, பஞ்சு வெளியே வந்து, உள்ளே வெள்ளைத் தூசி போலக் குட்டித் தோல்கள் கிடந்தால் குஞ்சுகள் வெளியேறிவிட்டன. அவை பைக்குள்ளேயே ஒருமுறை தோலுரித்த பிறகுதான் வெளியே வரும், அந்தத் தோல்தான் அது. ஊசியால் குத்தியது போல வட்டமான சுத்தமான ஓட்டை இருந்தால், பெரும்பாலும் முட்டையைத் தின்ற ஒட்டுண்ணிக் குளவி வெளியேறிய வழி.

ஓட்டையே இல்லாவிட்டால் உயிர் உள்ளது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அழுத்திப் பார்க்காதீர்கள், பிரித்துப் பார்க்காதீர்கள். ஈரத்தையும் பூஞ்சையையும் தடுப்பது அந்த நூல் சுவர்தான். ஒரு சின்னக் கிழிசல் போதும், மழைக்காலத்தில் மொத்தமும் அழுகிவிடும்.

7. குறியிடுங்கள்

பையிலிருந்து ஒரு சாண் தள்ளி, கிளையில் சிவப்பு நூலைக் கட்டுங்கள். பக்கத்திலேயே கட்டினால் பையைத் தாங்கும் நூல்கள் அறுந்துபோகும். பச்சை நூல் வேண்டாம், கத்தரி பிடித்தவர் கண்ணுக்குத் தெரியாது.

நோட்டில் தேதி, செடி, எந்தப் பக்கக் கிளை, தாய் இருந்ததா என்று நான்கே விஷயம் எழுதுங்கள். நான்கு வாரக் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் தொடங்கும்.

அப்புறம், வீட்டில் உள்ள எல்லோருக்கும் தோட்டவேலைக்கு வருபவருக்கும் நூலின் பொருளைச் சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டுக்கு வரும் பெரியவரிடம் நான் சொல்லாமல் விட்ட வருடம், யாரோ வேண்டுதலுக்குக் கட்டியது என்று நினைத்து எல்லா நூலையும் பத்திரமாக அவிழ்த்துத் துளசி மாடத்தில் வைத்துவிட்டு, கிளைகளை வெட்டிவிட்டார். சொன்ன பிறகு, என்னைவிட அதிகப் பைகளைக் கண்டுபிடிப்பவர் அவர்தான்.

"சிலந்தி மூத்திரம் பட்டால் அக்கி வரும்" என்று வீட்டில் யாராவது பயந்தால் பொறுமையாகச் சொல்லுங்கள். அக்கி என்பது சின்னம்மைக் கிருமி உடலுக்குள் அடங்கியிருந்து மீண்டும் கிளம்புவதால் வருவது. மழைக்காலத்தில் விளக்கடியில் வரும் ஒருவகைச் சிறு வண்டு தோலில் நசுங்கினாலும் கொப்புளம் வரும். இரண்டுக்கும் சிலந்தி காரணமில்லை. இந்தப் பயம் போகாத வீட்டில் நீங்கள் கட்டும் நூல் நிலைக்காது.

8. மழையில்

ஆடாத, கனமான கிளையில் இருக்கும் பைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். இலையடியில் பை வைக்கும் தாய் ஏற்கெனவே குடைபிடித்துத்தான் வைத்திருக்கிறது.

பாலாற்றில் வெள்ளம் போன 2021 நவம்பர் மழையில் நான் ஆறு பைகளுக்குப் பாலிதீன் கவர் கட்டினேன். ஐந்தில் உள்பக்கம் வியர்த்து நீர் கோத்து, பத்து நாளில் பூஞ்சை வந்துவிட்டது. கட்டாமல் விட்டவை நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து, நன்றாகவே பொரிந்தன. நனைவதைவிடக் காயாமல் இருப்பதுதான் பைக்கு ஆபத்து. கவர், டப்பா, ஈரத்துணி எதுவும் வேண்டாம்.

புயல் எச்சரிக்கை வந்தால் ஒன்று மட்டும் செய்யலாம். பை இருக்கும் மெல்லிய கிளைக்குப் பக்கத்தில் ஒரு குச்சியை ஊன்றி, சணலால் தளர்வாகச் சேர்த்துக் கட்டுங்கள். கிளைகள் ஒன்றோடொன்று உரசிப் பை கிழிவதைத் தடுக்கத்தான் இது. செடிக்குத் தண்ணீர் விடும்போதும் ஹோஸைத் தூரில் வையுங்கள், இலைமேல் பீய்ச்சாதீர்கள்.

9. எறும்பும் மருந்தும்

மழையில் புற்றில் தண்ணீர் புகுந்ததும் எறும்புகள் செடிமேல் ஏறும். வழியில் பை கிடைத்தால் விடாது. தூரில் ஒரு பட்டை காகித டேப் சுற்றி, அதன்மேல் கிரீஸ் தடவுங்கள். செடியின் தண்டில் நேராகத் தடவினால் செடி வெந்துபோகலாம், அதனால் டேப் கட்டாயம். பக்கத்துச் செடியின் கிளை தொட்டுக்கொண்டிருந்தால் அந்த வழியாக வந்துவிடும், அந்தக் கிளையை ஒதுக்கிக் கட்டுங்கள்.

வேப்பெண்ணெய் இயற்கையானதுதானே என்று பை இருக்கும் செடியில் தெளித்துவிடுகிறார்கள். எண்ணெய்ப் படலம் பையின் நூலில் காற்றுப்போக்கை அடைக்கும், அப்போதுதான் வெளிவந்த குஞ்சுகள்மேல் பட்டால் அவையும் சாகும். சிவப்பு நூல் உள்ள செடியில் நான்கு வாரம் எந்தத் தெளிப்பும் வேண்டாம். அசுவினி பெருகிவிட்டால் அந்தத் தளிரை மட்டும் விரலால் நசுக்கிக் கழுவுங்கள். கொஞ்சம் நேரம் பிடிக்கும், செடி தாங்கும்.

10. கவாத்து செய்யும்போது

குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டிவிடத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. செடிக்கு அது நல்லது, அதைத் தவிர்க்கச் சொல்லவில்லை. ஆனால் கையெழுத்துச் சிலந்தி பை வைக்கும் உயரம் சரியாக அதற்கு மேலேதான். அதனால் கீழ்க்கண்ட வரிசையில் செய்யுங்கள்.

முதலில் நூல் கட்டிய கிளைகளைத் தவிர மற்றதையெல்லாம் வெட்டி முடியுங்கள். பெரும்பாலும் ஒரு செடிக்கு ஒன்றிரண்டு கிளைதான் மிஞ்சும். அதை நான்கு வாரம் கழித்து வெட்டினால் பூவுக்குப் பெரிய நஷ்டம் இல்லை. வீட்டுத்தோட்டத்தில் இதுவே போதும்.

வெட்டியே ஆக வேண்டும் என்றால், மாலை வெயில் இறங்கிய பிறகு, பைக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண் கிளை விட்டு, இன்னொருவர் கிளையைப் பிடித்துக்கொள்ள, ஒரே வெட்டாக வெட்டுங்கள். பையை மட்டும் பிய்க்காதீர்கள். அதைத் தாங்கும் நூல் அறுந்தால் நம்மால் மறுபடி கட்ட முடியாது, தரையில் வைத்தால் ஒரே இரவில் எறும்பு தீர்த்துவிடும்.

வெட்டிய துண்டை, கவாத்து இல்லாத அடர்ந்த செடியில் கட்டுங்கள். எங்கள் தோட்டத்தில் நந்தியாவட்டைதான் அந்த இடம். முன்பு இருந்த உயரத்திலேயே, மேல்பக்கம் மேலாகவே இருக்க வேண்டும். இலைக்கு அடியில் இருந்த பையைத் தலைகீழாகக் கட்டினால் மழை நேராக அதன்மேல் விழும். வெட்டிய கிளையின் இலை ஓரிரு நாளில் வாடி உதிரும் என்பதால், புதிய செடியின் இலை பைக்கு மேலே கவிந்திருக்கும் இடமாகப் பாருங்கள்.

தாயை என்ன செய்வது? கையெழுத்துச் சிலந்தி பை போட்ட பிறகு அதைக் காவல் காப்பதில்லை, தாய் தனியே போனாலும் பைக்கு நஷ்டமில்லை. பச்சை வேட்டைச் சிலந்தி, நண்டுச் சிலந்தி, குதிக்கும் சிலந்தி, கூடாரச் சிலந்தி விஷயம் அப்படி இல்லை. தாய் கூட இருந்தால்தான் எறும்பிடமிருந்தும் குளவியிடமிருந்தும் பை தப்பும். தாய் பைமேல் இருக்கும் நேரம் பார்த்து, அதோடு சேர்த்தே கிளையை நகர்த்துங்கள். குலுக்கல் இல்லாவிட்டால் அது பையை விட்டு ஓடாது.

11. ஒட்டடையும் போகியும்

வீட்டு மூலையில் ஒட்டடை போடுவது பெரும்பாலும் மெல்லிய நீளக் கால்களோடு தொங்கும் சிலந்தி. முட்டைகளைக் கண்ணாடிமணிக் கொத்து போல வாயில் கவ்விக்கொண்டே இருக்கும். கொசுவைப் பிடிப்பதில் இது கெட்டிக்காரி. பூஜையறை, சமையலறை மூலைகளைச் சுத்தம் செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. குச்சியை வைப்பதற்கு முன் டார்ச் அடித்துப் பார்த்து, முட்டை கவ்வியிருப்பதை ஒரு டம்ளரில் ஏந்தி, மாடிப்படி அடிக்கோ கொட்டகைக்கோ மாற்றிவிட்டு அப்புறம் அடியுங்கள்.

உள்ளங்கை அகலத்துக்குக் கால் விரித்து, வயிற்றடியில் பொத்தான் போன்ற தட்டையான வெள்ளைப் பையைப் பிடித்தபடி கதவுக்குப் பின்னால் நிற்பது கரப்பான் தின்னும் பெரிய வீட்டுச் சிலந்தி. துரத்தினால் பையைப் போட்டுவிட்டு ஓடும், போட்ட பை பிழைக்காது. அந்த ஒரு மூலையை மட்டும் ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள்.

போகிக்கு முந்தைய வாரம் தோட்டத்தைச் சுற்றி வந்து, எரிக்கக் குவித்த சருகு, காய்ந்த வாழை இலை, தென்னை ஓலை, கவாத்துக் குச்சி ஆகியவற்றைத் தனியே பிரித்து வேலியோரம் ஒதுக்குங்கள். சுருண்ட காய்ந்த இலைக்குள் இருக்கும் பைகள் வெளியே தெரியாது, அதனால் ஒவ்வொன்றாகத் தேடிப் பயனில்லை. குவியலை அப்படியே தை முடியும்வரை விட்டுவைத்து, பிறகு மக்குக் குழியில் போட்டால் போதும். எரித்தால் சாம்பல்தான் மிஞ்சும், மக்கினால் எருவாவது கிடைக்கும்.

12. குஞ்சுகள் வெளிவரும் நாள்

ஒருநாள் காலையில் பைக்கு மேலே மஞ்சளோ பழுப்போ நிறத்தில் ஒரு சின்ன உருண்டை தெரியும். தொட்டால் நூறு புள்ளிகளாகச் சிதறி, கொஞ்ச நேரத்தில் மறுபடி கூடும். வீட்டுக்குள் வந்துவிடுமோ என்று இந்த நேரத்தில் பலர் பயந்து மருந்து அடித்துவிடுகிறார்கள். ஒரு மாதம் காத்ததெல்லாம் ஒரு நிமிடத்தில் போய்விடும்.

சில நாட்கள் அப்படியே கூடி இருக்கும். உணவு வைக்க வேண்டாம், உடலில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவே அவற்றுக்குப் போதும். டப்பாவில் அடைத்திருந்தால் இந்தக் கட்டத்துக்குப் பிறகு ஒன்றை ஒன்று தின்னத் தொடங்கியிருக்கும். வெயில் வந்து காற்று லேசாக வீசும் முற்பகலில், இலை நுனிக்கு ஏறி, வயிற்றைத் தூக்கி நூலை விட்டு, காற்றோடு போய்விடும். நூற்றுக்கணக்கில் கிளம்புபவற்றில் உங்கள் தோட்டத்திலேயே தங்கி வளர்வது மிகச் சிலதான்.

கடைசிக் குஞ்சும் போன பிறகு இரண்டு நாள் விட்டு, நோட்டில் அந்தத் தேதியையும் எழுதுங்கள். குறியிட்ட தேதியைக் கழித்தால், பையைப் பார்த்த பிறகு எத்தனை நாள் ஆயிற்று என்று தெரியும். அடுத்த ஆண்டு கவாத்தை எவ்வளவு தள்ளிப்போடலாம் என்பதற்கு அதைவிடச் சரியான கணக்கு கிடைக்காது. பிறகு சிவப்பு நூலை அவிழ்த்து வைத்துக்கொண்டு, தள்ளிப்போட்ட அந்தக் கிளையை வெட்டலாம்.